டாக்ஸிக்குக் கை காட்டாதீர்கள்!

இரண்டு மூட்டை அரிசியைவிடக் கனமான, நூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடிய ராட்சத ஆமைகளைப் பார்க்க உங்களுக்கு ஆசை உண்டா? அவை வசிக்கும் காலபகோஸ் தீவுகள் தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் தேசத்தைச் சேர்ந்தவை. தீவுகளில் பயப்பட அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே விமானம் ஏற வேண்டுமானால் கீட்டோ நகரத்தையோ குவயாகில் துறைமுகத்தையோ தொட்டுத்தான் போகவேண்டும். ஜாக்கிரதை அங்கேதான் தேவை!

ஒரு காலத்தில் ஈக்வடார் சாதுவான தேசம் என்றுதான் பெயர் வாங்கியிருந்தது. 2019-ல் லட்சம் பேருக்கு ஏழு கொலை என்று இருந்த கணக்கு, 2023-ல் நாற்பதையும் தாண்டிவிட்டது. என்ன காரணம்? கொக்கெய்ன் போதைப் பொருள் ஏராளமாகத் தயாராகும் கொலம்பியா ஒரு பக்கம், பெரு மறு பக்கம். நடுவே, உலகத்துக்கே வாழைப்பழம் அனுப்பும் குவயாகில் துறைமுகம். பழப் பெட்டிகளோடு பெட்டியாகச் சரக்கும் கப்பல் ஏறுகிறது. அந்த வழி யாருக்குச் சொந்தம் என்றுதான் கும்பல்களுக்குள் சண்டை. 2024 ஜனவரி 9-ம் தேதி முகமூடி மனிதர்கள் துப்பாக்கியுடன் ஒரு டெலிவிஷன் நிலையத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். நேயர்கள் வீட்டிலிருந்தபடியே அதைப் பார்த்தார்கள்!

சரி, போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பகலில் போய் இறங்கும் விமானமாகப் பார்த்து டிக்கெட் வாங்குங்கள். ஊரடங்கு உத்தரவு உண்டா என்று புறப்படுமுன் விசாரியுங்கள். அது அடிக்கடி மாறும்.

தெருவில் நின்று டாக்ஸிக்குக் கை காட்டாதீர்கள். தங்கும் ஹோட்டலிலேயே சொல்லி வண்டியை வரவழையுங்கள். ‘அவசரக் கடத்தல்’ என்று ஒரு வித்தை அங்கே உண்டு. வண்டியில் ஏற்றிக்கொண்டு, கார்டில் இருக்கும் பணத்தை மெஷின் மெஷினாக எடுக்க வைப்பார்கள். நள்ளிரவு வரை வைத்திருந்து, மறுநாள் கணக்கிலும் எடுப்பதுண்டு. ஆகையால் பகலில், பாங்குக் கட்டிடத்துக்குள்ளேயே பணம் எடுங்கள். அங்கே செலாவணி அமெரிக்க டாலர்தான். சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்வது நல்லது.

நகைகளை ஊரிலேயே விட்டுவிடுங்கள், அம்மா! தாலியை மஞ்சள் சரட்டில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பானத்தையோ மிட்டாயையோ தொடவேண்டாம். புத்தி மயங்கும் மருந்து அதில் கலந்திருக்கலாம்.

அப்படியும் ஒருவன் எதிரே வந்து மிரட்டினால்? பணப்பையைக் கொடுத்துவிடுங்கள். வாதாடவேண்டாம், ஓடவும் வேண்டாம். பை போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆபத்து நீங்கியதும் 911 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. “உங்கள் மகள் எங்கள் பிடியில் இருக்கிறாள்” என்று பொய்யாகப் போன் செய்து பணம் பறிப்பது லத்தீன் அமெரிக்காவில் பழகிப்போன மோசடி. குடும்பத்தாருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எத்தனை மணிக்குச் சேதி வரும் என்பதும் தீர்மானமாகி இருந்தால், வீட்டில் அம்மாவின் தூக்கம் கெடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த ஜனங்களைக் கெட்டவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கும்பல்களுக்கு மாதாமாதம் கப்பம் கட்டுபவர்கள் அங்கே உள்ள சின்னக் கடைக்காரர்கள்தான். அந்தக் கப்பத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தடுப்பூசி’! நமக்குப் பத்து நாள் ஜாக்கிரதை போதும். அவர்களுக்கோ அதுவே தினசரி வாழ்க்கை. “இந்தத் தெருவில் போகாதே” என்று அவர்களில் ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.