பழைய ஒலியும் புதிய கீபோட்டும்

1980களின் பாடல்களிற் கேட்ட, மணியொலி கலந்த மின்பியானோவை இன்றைய கீபோட்டில் எழுப்ப விழையும் மாணவர், பெயர்ப் பட்டியலைத் தேடிப் பொத்தானை அழுத்துகின்றனர். ஒலி வேறாயிருக்கக் கண்டு சோர்கின்றனர். பல கீபோட்டுகள் பழைய கருவியின் பதிவுகளையே மீள ஒலிப்பன. விரலின் மென்மை வன்மைக்கேற்ப அவற்றில் தொனி முழுமையாய் மாறுவதில்லை. ஆதலின் அவ்வொலி பிறந்த வகையை முதலில் அறிதல் வேண்டும் என்போம்.

யமஹா நிறுவனம் 1983இல் வெளியிட்ட டீஎக்ஸ் 7 என்னும் சிந்தசைசரே அதன் பிறப்பிடம். ஓரலையின் மீடிறனை மற்றோரலையால் விரைந்து அசைப்பின் புதிய தொனி பிறக்கும் என்பதை, அமெரிக்க ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்பார் 1967இல் கண்டார். அந்நெறியே அக்கருவியின் உயிர். அதில் ஆறு அலைகள் 32 வகையாக இணையும்.

அந்நெறி அமைந்த கீபோட்டில் நாம் செய்யத்தக்கது யாது? ஈரலைகளைச் சம மீடிறனில் இணைத்தால் பியானோவின் உடலொலி அமையும். பிறிதோர் இணையில், அசைக்கும் அலையின் மீடிறனை 14 மடங்காக்கி, அது விரைவில் அடங்கச் செய்தால் மணியொலி தோன்றும். விரல் வன்மையாகப் படுந்தோறும் அவ்வசைவு மிகுமாறு அமைத்தல் இன்றியமையாதது. டீஎக்ஸ் 7இல் எதிரொலி முதலிய அணிகள் இல்லை. இசைத்தட்டுக்களிற் கேட்ட செறிவு பெரும்பாலும் கலையகத்திற் சேர்த்த கோரஸால் வந்தது. அதனை ஈற்றிற் சேர்க்க.

யாப்பறியாது செய்யுளை மனனஞ் செய்தவன் புதுச் செய்யுள் யாத்தல் அரிது. ஒலியின் பெயரை நம்பாது பிறப்பை ஆராயும் மாணவனோ, பழையதை மீட்பதோடு புதியதொன்றையும் படைப்பான் அன்றோ!