குறைவும் குறையும் ஒன்றல்ல

திருவருகைக் காலம் ஆயத்தத்தின் காலம் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் பொதுவாகவே சொல்லப்படுகிறது. ஆனால் வீட்டில் அந்த ஆயத்தம் யார் தலையில் இறங்குகிறது என்று கேட்டால், சிறு குழந்தைக்கும் விடை தெரியும். ஒட்டடை அடிப்பது, திரைச்சீலை துவைப்பது, துணி எடுப்பது, தையற்கடைக்கு நான்கு முறை நடப்பது, அச்சுமுறுக்கும் அதிரசமும் கல்கலும் சுடுவது, அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டு அனுப்புவது, ஊரிலிருந்து வரும் உறவினருக்குப் பாயும் தலையணையும் தேடுவது, உறங்கும் பிள்ளையை நள்ளிரவுத் திருப்பலிக்கு எழுப்பி உடுத்துவது, திரும்பி வந்ததும் விடியுமுன் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பது என்று இத்தனையும் சேர்ந்ததே நம் தாய்மார்களின் கிறிஸ்மஸ்.

எல்லாம் முடிந்து, வீடே மகிழ்ந்திருக்கும் வேளையில், அந்தத் தாய் ஒரு மூலையில் கால் நீட்டி அமர்ந்து, "இந்த வருடம் அதிரசம் சரியாக வரவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். பாராட்டு கேட்கவில்லை, தன்மேல் தானே குற்றம் சுமத்திக்கொள்கிறாள். அந்த ஒரு சொல்லைப் பற்றியே இங்குச் சற்றுச் சிந்திப்போம்.

வேளச்சேரியின் டிசம்பர்

ஏரியும் வயலுமாக இருந்த வேளச்சேரி இன்று அடுக்குமாடி வீடுகளின் ஊர். கடற்கரையிலிருந்து வரும் பறக்கும் ரயில் 2007ஆம் ஆண்டு இங்கு வந்து சேர்ந்தது. தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உள்ள அலுவலகங்களுக்குப் போய், விளக்கு வைத்த பின் வீடு திரும்பும் தாய்மார்கள் இங்கே ஏராளம். டிசம்பர் பிறந்தால் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு; அலுவலகத்தில் ஆண்டு முடிவின் நெருக்கடி; வெளியே வடகிழக்குப் பருவமழை. துவைத்த துணி மின்விசிறியின் கீழ் மூன்று நாள் ஈரமாகவே தொங்கும். இவற்றுக்கு நடுவேதான் கிறிஸ்து பிறப்பு விழாவும் வருகிறது.

இந்த ஊருக்கு மழை வெறும் மழையன்று. தென்சென்னை ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த தாழ்நிலம் இது. பரந்து கிடந்த அச்சதுப்பு நிலம் கட்டடங்களாலும் குப்பை மேட்டாலும் சுருங்கிப்போனது. எஞ்சியிருக்கும் பகுதி 2022ஆம் ஆண்டில்தான் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தங்க இடமில்லாத தண்ணீர் வீடுகளுக்குள் புகுகிறது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வேளச்சேரித் தெருக்களில் படகுகள் ஓடின. கீழ்த்தள வீடுகளில் மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, அரிசிப் பானை, குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் யாவும் நீரில் ஊறின. கோவில்களும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் கதவு திறந்து மக்களைத் தங்கவைத்தன. அரையாண்டுத் தேர்வுகள் 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்து வந்தது கிறிஸ்மஸ்.

எட்டு ஆண்டுகள் சென்று, 2023ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மீண்டும் மூழ்கியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் அம்மாதம் 17ஆம் நாள் முதல் நியாயவிலைக் கடைகளில் கொடுக்கப்பட்டது. விழாவுக்கு ஒரு வாரமே இருந்தது. அந்தப் பணத்தைக் கையில் வாங்கிய தாய்க்கு எத்தனை கணக்குகள்! புதுத் துணியா, பாயா, பழுதான அடுப்பா, பிள்ளையின் பாடப் புத்தகமா?

வெள்ளம் தந்த விடுதலை

அந்த இரண்டு ஆண்டுகளிலும் கிறிஸ்மஸ் குறைவாகத்தான் இருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு அழியவில்லை. பலகாரம் இல்லாத வீடுகள் பல. பழைய உடையில் திருப்பலிக்கு வந்தவர் பலர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு எந்த மாமியாராவது மருமகளைப் பார்த்து, "அச்சுமுறுக்கு எங்கே?" என்று கேட்டிருப்பாரா? எந்தத் தாயாவது, "நான் சரியாகச் செய்யவில்லை" என்று மனம் நொந்திருப்பாளா? எல்லாரும் உயிரோடு ஒரு கூரையின்கீழ் இருக்கிறோம் என்பதே பெரிய விழாவாக இருந்திருக்கும். வசதியில் குறைவு இருந்தது. அந்தக் குறைவு எவர்மீதும் குறையாகச் சுமத்தப்படவில்லை.

குறைவு வேறு, குறை வேறு. குறைவு என்பது அளவைப் பற்றியது. குறை என்பது ஆளைப் பற்றியது. பணமும் நேரமும் உடல்வலுவும் ஓர் அளவுக்குமேல் இல்லை என்பது குறைவு. அதற்காக ஒருத்தி தன்னைத் தாழ்வாக எண்ணிக்கொண்டாலோ, பிறர் அவளைத் தாழ்வாகப் பேசினாலோ அது குறையாகிவிடுகிறது. வெள்ளம் வந்த ஆண்டில் இந்த வேறுபாடு நம் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளம் வடிந்ததும் அந்தத் தெளிவும் வடிந்துவிட்டது. தாயின் கைக்கு எட்டாததைப் பொறுத்துக்கொள்ள, வீட்டுக்குள் தண்ணீர் வந்தே தீரவேண்டுமா?

முதல் கிறிஸ்மஸ் எப்படி இருந்தது?

நம் விழாவின் மூலத்தையே பார்ப்போம். நிறைமாதக் கர்ப்பிணியான அன்னை மரியா, மக்கள்தொகைக் கணக்குக்காக ஊர் விட்டு ஊர் போகிறார். விடுதியில் இடமில்லை. பிள்ளையைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்துகிறார். எந்தத் தாய்தான் தன் தலைச்சன் பிள்ளைக்கு இப்படி ஓர் இடத்தை விரும்புவாள்? லூக்கா நற்செய்தியாளர் இதைச் சொல்லும்போது அன்னையின் மீது ஒரு பழிச்சொல்லும் இல்லை. இடையர்கள் வந்து பார்த்தபோது இடம் சரியில்லை என்று முகம் சுளித்ததாகவும் இல்லை.

புனித பிரான்சிஸ் அசிசியார் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் கிறிஸ்மஸ் குடிலை அமைத்தபோது, அவர் கேட்டவை வைக்கோல், தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவையே. பாலன் பிறந்தபோது பட்ட எளிமையை ஊர் மக்கள் கண்ணால் காணவேண்டும் என்பதே அவர் விருப்பம். அக்குடிலின் எண்ணூறாம் ஆண்டு 2023இல் நிறைவுற்றது. அதே டிசம்பரில்தான் வேளச்சேரி வீடுகளில் தாய்மார்கள் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சேறு படிந்த தரையில் வைத்த குடில் கிரேச்சோவின் குடிலுக்குத் தொலைவானதன்று.

ஒரு புனிதையின் களைப்பு

சில தாய்மார்கள், "புனிதர்களாக இருந்தால் சமாளித்திருப்பார்கள், நம்மால் ஆகுமா?" என்பதுண்டு. வேளச்சேரி வெள்ளத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன், 2015 அக்டோபர் 18ஆம் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு கணவனையும் மனைவியையும் சேர்த்துப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர்கள் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோரான லூயி மார்ட்டினும் செலி மார்ட்டினும் ஆவர். செலி அம்மையார் ஒன்பது குழந்தைகளைப் பெற்றவர். நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். அதோடு பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில் சரிகைப் பின்னல் தொழில் நடத்தி, பலருக்கு வேலை கொடுத்தவர். அவர் எழுதிய இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் செபம் இருக்கிறது. கூடவே வேலைப் பளுவும் கவலையும் களைப்பும் ஒளிவுமறைவின்றி இருக்கின்றன. களைப்பைச் சொன்னதால் அவர் புனித நிலை குன்றவில்லை.

அவர் 1877ஆம் ஆண்டு மறைந்தபின், அந்தக் குடும்பத்தில் 1886ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் நிகழ்ந்ததும் நாம் அறியத்தக்கது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து லிசியே நகர் இல்லத்துக்கு வந்தார்கள். கணப்பருகே காலணிகளில் பரிசுகளை வைத்துச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுப்பது அங்கு வழக்கம். பதினான்கு வயதை நெருங்கிய தெரேசாவுக்கும் அவ்வாறே வைத்திருந்தது. சோர்ந்திருந்த தந்தை, இந்த ஆண்டோடு இது முடிந்தால் நல்லது என்ற பொருள்பட அலுத்துப் பேசியது, மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் விழுந்தது. கண் நிறைந்தது. ஆனால் அச்சிறுமி கண்ணீரை அடக்கி, கீழே இறங்கி வந்து, முகமலர்ச்சியோடு பரிசுகளைப் பிரித்தாள்; தந்தையின் முகமும் மலர்ந்தது. தன் வாழ்வின் திருப்பமாக அந்த இரவையே தெரேசா பின்னாளில் குறித்தார். புனிதர்கள் வாழ்ந்த வீட்டிலும் கிறிஸ்மஸ் இரவில் ஒருவர் சலித்துக்கொண்டார். களைத்தவர்மேல் மற்றவர் குற்றம் காணாதிருந்ததால் அந்த விழா காப்பாற்றப்பட்டது.

மார்த்தாவின் முறையீடு

மார்த்தா, மரியாள் சகோதரிகளின் நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சமையலைக் குறைத்துச் செபத்தைக் கூட்டுங்கள் என்று பெண்களுக்குச் சொல்லவே அது பெரும்பாலும் பயன்படுகிறது. ஆனால் மார்த்தாவின் முறையீட்டைக் கூர்ந்து கேட்டால், வேலை அதிகம் என்பதோடு அது நிற்கவில்லை. வேலையில் தன்னைத் தனியே விட்டுவிட்டார்கள் என்றும் அவள் வருந்தினாள். ஆண்டவர் அவள் பலவற்றைக் குறித்துக் கலங்குவதைக் கண்டார்; அவள் சமைத்ததில் குறை சொல்லவில்லை.

தனியே விடப்படுதல் நம் நாட்டில் இன்றும் உள்ளது. இந்திய அரசு 2024ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாள் ஒன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். சாதாரண நாளின் கணக்கே இதுவென்றால், விழா வாரத்தின் கணக்கைச் சொல்லவும் வேண்டுமா? ஆகவே, "அம்மா, எல்லாம் நிறைவாக இருக்கவேண்டும் என்று கவலைப்படாதே" என்று ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்வது நியாயமன்று. வேலையைப் பகிராத ஆறுதலால் ஒரு பாத்திரம்கூடத் துலங்காது.

ஒரு மாலை உட்காருங்கள்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று குடும்பமாக உட்கார்ந்து, செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: கட்டாயம் வேண்டியவை, பிறர் கையில் கொடுக்கக்கூடியவை, இந்த ஆண்டு விட்டுவிடக்கூடியவை. மூன்றாவது பகுதியில் ஒன்றுகூட இல்லையென்றால், கணக்கை மறுபடி பாருங்கள். ஐந்து வகைப் பலகாரம் இரண்டாகலாம். மீதியைக் கடையில் வாங்கினால் விருந்தினரின் வயிறு வேறுபாடு பார்க்காது. குடிலைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். விண்மீன் சாய்ந்து தொங்கட்டும். ஒட்டகம் ஆடுகளை விடச் சிறியதாய் நிற்கட்டும். அவர்கள் உறங்கியபின் அதைச் சீர்செய்யாதீர்கள். கடைக்குப் போவதும், பாத்திரம் துலக்குவதும், முதியோருக்கு மாத்திரை கொடுப்பதும் கணவரின் பங்காகட்டும். சூசையப்பரும் பயணத்தின் சுமையைச் சுமந்தவர் அன்றோ?

இன்னொரு தாயையும் மறவாதிருப்போம். பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் பேருந்தேறி வேளச்சேரி வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களிலும் கிறிஸ்தவர் உண்டு. நம் வேலையைக் குறைக்க அவரைக் கூடுதல் நேரம் நிறுத்தினால், நம் வீட்டுக் குறைவு அவர் வீட்டுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. டிசம்பர் 24ஆம் நாள் நண்பகலுக்குள் அவரைச் சம்பளத்தோடும் பலகாரத்தோடும் அனுப்பிவைப்பது, நம் வீட்டுத் தரை பளபளப்பதைவிடப் பெரிய ஆயத்தம்.

குறைவை ஏற்பது என்றால் எல்லாவற்றையும் கைவிடுவது என்று எவரும் பொருள் கொள்ளவேண்டாம். பிள்ளையின் காய்ச்சலையும், பக்கத்து வீட்டின் பசியையும், தனித்திருக்கும் முதியவரையும் "இந்த ஆண்டு விட்டுவிடலாம்" என்ற பகுதியில் எழுத நமக்கு உரிமையில்லை. திரைச்சீலையை எழுதலாம். எதை விடலாம், எதை விடலாகாது என்று தெளிவதே திருவருகைக் காலத்தின் உண்மையான ஆயத்தம்.

அன்னையரே, விழா நாளில் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது பிழையற்ற அதிரசமன்று. அவர்கள் அருகில் அமர்ந்து உண்ணும் நீங்கள்தான். அன்று உணவு பரிமாறும்போது உங்கள் இலையையும் எல்லாருடைய இலையோடும் சேர்த்தே போடுங்கள். அதிரசம் கரைந்து போயிருந்தால், கரைந்ததையே எல்லாருமாகப் பகிர்ந்து உண்ணுங்கள்.