பன்றிக்கு என்ன காகிதம்?



போன மாதம் ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்த கையோடு ஒரு தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மணிக்கட்டில் கடித்த காயம். நாயா என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா, பன்னி. ராத்திரி பக்கத்துப் பண்ணையில லோரி எறக்கப் போனேன். எண்பது வெள்ளி குடுத்தாங்க" என்றார்.

"எங்கிருந்து வந்த பன்றி?"

"தெரியாதுங்க. எல்லைப் பக்கத்துலேருந்துன்னு டிரைவர் சொன்னாரு."

"காகிதம் ஏதாவது இருந்ததா?"

"பன்னிக்கு என்னாங்க ஐயா காகிதம்?"

காயத்தைக் கழுவி, ஊசி போட்டு அனுப்பினேன். அவர் கேட்ட கேள்விக்கு இந்த மாதப் பகுதியில் பதில் எழுதுகிறேன். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும் படிக்க வேண்டும். இது சாப்பாட்டைப் பற்றிய விஷயமல்ல. பன்றியைத் தொட்டு வேலை செய்கிறவன் உயிரைப் பற்றியது.

உயிருள்ள பன்றியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமானால், பன்றி லோரியில் ஏறுவதற்கு முன்பே இங்கே லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். இது 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதோடு, அனுப்புகிற நாட்டின் அரசாங்கக் கால்நடை டாக்டர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். எந்தப் பண்ணை, எத்தனை பன்றி, என்ன அடையாளம், எந்த நோய்க்குச் சோதித்தார்கள், ஏற்றும்போது நோய்க்குறி இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற நோய்க்கு உலகக் கால்நடை அமைப்பு சொல்லும் விதி ஒன்று: அந்த நோய் இல்லாத இடத்திலேயே பன்றி பிறந்து வளர்ந்திருக்க வேண்டும், அல்லது கடைசி மூன்று மாதமாவது அங்கே இருந்திருக்க வேண்டும்.

வளர்ப்பதற்கு வரும் பன்றியைத் தனியாக அடைத்து வைத்துப் பார்ப்பார்கள். அதுதான் குவாரண்டீன். நோய் உடம்புக்குள் புகுந்த அன்றே வெளியில் தெரியாது. பன்றிக்கு நிப்பா நோய் தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆகவே முதல் நாள் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. நடுவில் புதுப் பன்றி ஒன்றைச் சேர்த்தால் நாள் கணக்கை முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் கொட்டகையில் வேலை செய்கிறவர் அதே சப்பாத்தோடு அடுத்த கொட்டகைக்குப் போகக் கூடாது.

நான் கால்நடை டாக்டர் இல்லை. மனுஷனுக்கு மருந்து கட்டுகிறவன். ஆனால் 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. அப்போது எனக்கு இருபது வயதுதான். பேராக்கில் ஈப்போ பக்கத்துப் பண்ணை ஆட்களுக்கு முதலில் மூளைக் காய்ச்சல் வந்தது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள்! அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு பழகிய வளர்ந்த ஆண்கள். ஒரே வீட்டில் பண்ணைக்குப் போகாதவர்களுக்கு ஒன்றுமில்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்?

அதற்குள் பேராக்கிலிருந்து பன்றிகளை விற்று நெகிரி செம்பிலானுக்கு லோரியில் அனுப்பிவிட்டார்கள். நோயும் கூடவே போனது. புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பக்கம்தான் பெரிய அடி. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதுக் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. பழந்தின்னி வௌவாலிடம் இருக்கும் கிருமி, பன்றிக்குப் போய், பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய். 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

லோரி சிங்கப்பூருக்கும் போனது. அங்கே பன்றி வெட்டும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நோய் வந்து, ஒருவர் இறந்தார். அவர்கள் பன்றி வளர்த்தவர்கள் அல்ல. இங்கிருந்து போன பன்றியை இறக்கி வெட்டியவர்கள், அவ்வளவுதான். சிங்கப்பூர் உடனே நம் நாட்டுப் பன்றியை நிறுத்தியது.

காகிதம் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. தெரிந்த நோய்க்குத்தான் டாக்டர் கையெழுத்துப் போட முடியும். நிப்பா என்ற பெயரே தெரியாத காலத்தில் எந்தச் சான்றிதழ் அதைத் தடுத்திருக்கும்? நோய் வந்த பன்றியில் பல இருமாமல், சோராமல் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆகவே காகிதம் உள்ள பன்றியானாலும் கையுறை, சப்பாத்து, முகமூடி போட்டுத்தான் தொட வேண்டும். எச்சில், மூக்குச் சளி, சிறுநீர் எல்லாவற்றிலும் கிருமி இருக்கும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, துணியைத் தனியாகத் துவையுங்கள். இந்தச் சாமான்களை முதலாளிதான் கொடுக்க வேண்டும், நாம் காசு போட்டு வாங்குவதல்ல.

காகிதம் இல்லாத பன்றி வேறு கதை. அதை யாரும் சோதிக்கவில்லை, அடைத்து வைத்துப் பார்க்கவில்லை. ராத்திரியில் வருவதற்குக் காரணமே அதுதான்.

லயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று பன்றி வளர்க்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் சபாவில் வந்தது, அந்த வருஷக் கடைசியில் தீபகற்பத்துக்கும் வந்தது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. பன்றி கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. 2023 ஏப்ரலில், இந்தோனேசியாவின் பூலாவ் பூலானிலிருந்து சிங்கப்பூர் போன பன்றியில் அதைக் கண்டுபிடித்து அந்த இறக்குமதியை நிறுத்தினார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஊர் பேர் தெரியாத குட்டியை வாங்கி, இருக்கிற பன்றியோடு விடாதீர்கள். கடைச் சாப்பாட்டு மிச்சத்தில் பன்றி இறைச்சி கலந்திருந்தால் அதைப் பன்றிக்குப் போடவே கூடாது. திடீரென்று இரண்டு மூன்று பன்றி செத்தால் ஆற்றில் தள்ளாமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

பன்றி வேலைக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, தூக்க மயக்கம் என்று வந்தால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். நிப்பா மனிதனிடம் தெரிய பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். 45 நாள் கழித்துத் தெரிந்ததும் உண்டு. அதைக் குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது, சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் காப்பாற்றிப் பார்க்கலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் "பன்றியைத் தொட்டேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள்.

அந்தத் தம்பியை இரண்டு வாரம் தினமும் வரச்சொல்லிக் காய்ச்சல் பார்த்தேன். ஒன்றுமில்லை. போன வாரம் மறுபடி ராத்திரி வேலைக்குக் கூப்பிட்டார்களாம். காகிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார். டிரைவர் சிரித்தாராம். இவர் திரும்பி வந்துவிட்டார். மறுநாள் அவர் சம்சாரம் என்னிடமே வந்து, "எண்பது வெள்ளி போச்சே டிரஸர் ஐயா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வச்சிருந்தோமே" என்றார். அவரை உட்காரவைத்து, மேலே எழுதியதை எல்லாம் முதலிலிருந்து சொன்னேன்.