படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் விவரம்

1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கையில் ஒரு கல் அகப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அது. எங்கே, எப்போது கிடைத்தது என்று அவர் குறித்து வைத்ததால்தான் அதற்கு மதிப்பு. இல்லாவிட்டால் வெறும் சரளைக்கல். அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்தவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றின் விவரப் பட்டியல், அவர் மறைந்த பிறகு 1914இல்தான் அச்சேறியது.

இன்று அதே ஊரில் ஒவ்வொரு செல்போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள். விவரம்தான் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது எடுத்த படத்தை இப்போது தேடச் சொன்னால் விரல் தேய்ந்துவிடும். ‘வெள்ளம், முடிச்சூர், சமையலறை’ என்று மூன்று டேக் போட்டிருந்தால் நொடியில் வரும்.

அந்த டேக் எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். லைட்ரூம், டிஜிகேம் போன்ற மென்பொருள்கள் அதைப் படக் கோப்புக்குள்ளேயே எழுத வல்லவை. கூகுள் போட்டோஸில் எழுதும் குறிப்போ அந்தக் கணக்கோடு நின்றுவிடும். மொத்தமாகப் பதிவிறக்கினால் தனிக் கோப்பாக வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்விவரம் உதிர்ந்துவிடுகிறது, டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகிறது.

வழக்குக்கோ இன்சூரன்ஸுக்கோ தேவைப்படும் படமென்றால் ஒரிஜினலில் கை வைக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில், கோப்பின் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ எண்ணைக் குறிப்பிட வேண்டும். கோப்புக்குள் ஒரு டேக் சேர்த்தாலும் அந்த எண் மாறிவிடும். டேக் எல்லாம் காப்பியில் போடலாம்.

விவரம் காட்டிக்கொடுக்கவும் செய்யும். 2012இல் தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்துக்குள் இருந்த ஜிபிஎஸ் விவரத்தால் அம்பலமானது. அவர் கதை வேறு. பள்ளிப் பெயரும் வீட்டு இருப்பிடமும் ஒட்டிய குழந்தைப் படம் நம் வீட்டுக் கதை. கேமரா செட்டிங்ஸில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடலாம். ‘ஆதார்’, ‘பான்’ என்று டேக் போட்டு, சொந்தக்காரர்களோடு பகிரும் ஆல்பத்திலேயே வைப்பது திருடனுக்குச் செய்யும் உபகாரம்.

விவரம் இருக்கட்டும், கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, காசு கொடுத்தவருக்கே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்வது இதுதான். ஸ்டூடியோக்காரர் கேட்காமல் விளம்பரத்தில் போட்டால் தட்டிக் கேட்கலாம். பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தை முன்பணம் தருவதற்கு முன்பே படிப்பது நல்லது.

படம் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அழிக்கச் சொல்லும் அவசரத்தில் ஆதாரத்தை இழப்பவர்கள் உண்டு. முதலில் இணைப்பு முகவரி, தேதியோடு ஸ்கிரீன்ஷாட். அடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். கூடவே தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ, பல்லாவரம் பகுதிக்கான தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்திலோ பதிவு செய்யலாம். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.