வீட்டுக் கூரையின் உபரி மின்சாரமும் அதன் விலையும்

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகளை அமைத்து, தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை விநியோக நிறுவனத்துக்கே விற்றுப் பணம் பெறலாம் என்னும் பேச்சு இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. இப்பேச்சில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. கடன் வாங்கித் தகடு அமைத்த குடும்பம், மாதந்தோறும் பணம் வந்து சேரும் என எதிர்பார்த்திருந்து, ஆண்டு முடிவில் சில நூறு ரூபாய் மட்டுமே வரவு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதாக எண்ணுவது அரிதன்று. பெரும்பாலும் அங்கே ஏமாற்று எதுவும் நடந்திராது. வீட்டிலேயே செலவான யூனிட், கம்பி வழியே வெளியே சென்ற யூனிட், ஆண்டிறுதியில் எஞ்சி நின்ற யூனிட் ஆகிய மூன்றுக்கும் மதிப்பு வெவ்வேறு என்பதை அக்குடும்பத்துக்கு முன்னதாக எவரும் எடுத்துரைக்கவில்லை. மக்களை நேரில் சந்திக்கும் களப்பணியாளர்களும், கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர்களும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

நடைமுறைக்கேற்ற சிலிக்கன் மின்கலம் 1954-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. தன்மீது விழுந்த ஒளிச்சக்தியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்சாரமாக மாற்றிற்று. இன்று கூரைகளில் அமைக்கப்படும் தகடுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மாற்றவல்லவை. ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகளுக்கு நிழல்படாத கூரை சுமார் நூறு சதுர அடி வேண்டும். நம் நாட்டின் பெரும்பகுதியில் அவை ஆண்டுச் சராசரியாக நாள் ஒன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். மழைக்காலத்தில் இது குறையும். தகட்டில் புழுதி படிந்தாலும் குறையும்.

தகட்டில் பிறப்பது நேர்மின்னோட்டம். வீட்டுச் சாதனங்களுக்கும் தெருக்கம்பிக்கும் ஏற்றவாறு, வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்ட மாறுமின்னோட்டமாக அதை இன்வெர்ட்டர் என்னும் கருவி மாற்றுகிறது. அவ்வாறு மாறிய மின்சாரம் முதலில் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விசிறிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் செல்கிறது. அவற்றின் தேவை போக மிஞ்சியதே தெருக்கம்பியை அடைந்து, பெரும்பாலும் அண்டை வீடுகளிலேயே செலவாகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுதல் நலம். தெருக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன், பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். நல்ல வெயில் காயும் வேளையிலும் வீட்டில் விசிறி சுழலாது. இது பழுதன்று. கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரை, ஏதோ ஒரு வீட்டுக் கூரையிலிருந்து வரும் மின்சாரம் தாக்காதிருக்கச் செய்த ஏற்பாடு ஆகும். தகடு அமைத்தால் மின்தடையே இராது என்று விற்பனையாளர் எவரேனும் கூறினால், பேட்டரி உண்டா என்று கேட்க வேண்டும்.

மீட்டர் எதைக் காட்டுகிறது?

பழைய காலத்து மீட்டர்களில் ஓர் அலுமினியத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். மின்சாரம் வீட்டிலிருந்து வெளியே சென்றால் அத்தட்டு பின்னோக்கிச் சுழலும். காட்டும் எண்ணும் குறையும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1983-ம் ஆண்டில் நிகர அளவீட்டுக்குச் சட்டம் செய்த நாளில், பின்னோக்கிச் சுழலும் இத்தட்டே அம்முறையை எளிதாக்கிற்று. இப்போது பொருத்தப்படும் இருதிசை மீட்டரில் தட்டு இல்லை. உள்ளே வந்த யூனிட்டுகளை ஒரு பதிவிலும், வெளியே சென்றவற்றை மற்றொரு பதிவிலும் அது தனித்தனியே சேர்த்துக்கொண்டே போகிறது. இரண்டும் ஏறுமேயன்றி இறங்கா.

களப்பணியாளரிடம் வரும் முறையீடுகளில் பல இந்த இடத்தில்தான் தோன்றுகின்றன. “என் இன்வெர்ட்டர் 360 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது; மின்கட்டணப் பட்டியலிலோ 250 யூனிட்டுக்குத்தான் வரவு இருக்கிறது; மீதி 110 எங்கே?” என்று கேட்பார்கள். அந்த 110 யூனிட்டும் பகலில் அவர் வீட்டிலேயே செலவானவை. அவை இருதிசை மீட்டரைக் கடக்கவே இல்லை. ஆகையால் அது அவற்றை அறியாது. எனினும் அவை வீண்போனவை அல்ல. முழுக்கட்டணம் கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய யூனிட்டுகள் அவை. உண்மையில், உற்பத்தியாகும் யூனிட்டுகளில் இவற்றைவிட மதிப்புள்ளவை வேறில்லை.

ஒரே வீடு, மூன்று கணக்கு

மூன்று கிலோவாட் தகடுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் 360 யூனிட் உற்பத்தி. வீட்டின் மொத்தச் செலவு 300 யூனிட். அதில் 110 பகலில் தகட்டிலிருந்து நேரே கிடைத்தது. மீதி 190 இரவிலும் மேகமூட்டமான வேளையிலும் தெருக்கம்பியிலிருந்து வந்தது. வெளியே சென்றது 250. கணக்கின் எளிமைக்காக, வாங்கும் யூனிட்டுக்கு ரூ. 7 எனவும், விற்கும் யூனிட்டுக்கு ரூ. 3 எனவும் வைத்துக்கொள்வோம். இவை எந்த மாநிலத்தின் விலையும் அல்ல. ஆசிரியர்கள் தத்தம் ஊர்க் கட்டண விகிதத்தை இட்டு மாணவர்களைக் கணக்கிடச் செய்யலாம்.

நிகர அளவீட்டு முறையில் யூனிட்டுக்கு யூனிட் கழிக்கப்படும். 250-லிருந்து 190 போக 60 யூனிட் மிச்சம். நிலைக்கட்டணம் நீங்கலாக அம்மாதம் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை. மிச்சமுள்ள 60 யூனிட் அடுத்த மாதக் கணக்குக்குச் செல்லும், பணமாக வராது. கோடையில் அவ்வீட்டின் செலவு 450 யூனிட்டாக உயர்ந்து, வெளியே சென்றது 180, உள்ளே வந்தது 270 என்று ஆகுமாயின், பற்றாக்குறை 90-ல் அந்த 60 யூனிட்டும் கழிந்து, 30 யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் வரும்.

நிகர விலையீட்டு முறையிலோ யூனிட்டுகள் கழிக்கப்படுவதில்லை, ரூபாய்தான் கழிக்கப்படுகிறது. முதல் மாதக் கணக்கையே எடுத்தால், வாங்கிய 190 யூனிட்டுக்கு ரூ. 1,330, விற்ற 250 யூனிட்டுக்கு ரூ. 750, செலுத்த வேண்டியது ரூ. 580. வாங்கியதைவிட அதிகமாக விற்றும் பணம் கட்டுவதேன் என்று வீட்டுக்காரர் திகைப்பது இயல்பே. மொத்த அளவீடு என்னும் மூன்றாவது முறையில் உற்பத்தி முழுவதும், அதாவது 360 யூனிட்டும், விற்பனை விலையில் ரூ. 1,080-க்குக் கொள்ளப்படும். செலவான 300 யூனிட்டுக்கும் ரூ. 2,100 விதிக்கப்படும். வித்தியாசம் ரூ. 1,020. அதே கூரை, அதே வெயில், அதே குடும்பம். விதி மட்டுமே வேறு.

நிகர விலையீட்டு முறை நடைமுறையிலுள்ள இடங்களில் நீர் இறைக்கும் மோட்டார், சலவை இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம் ஆகியவற்றை மாலையிலிருந்து நண்பகலுக்கு மாற்றுவது நேரடியாகப் பயன் தரும். மேற்கூறிய வீட்டில் 60 யூனிட் இவ்வாறு மாற்றப்பட்டால், செலுத்த வேண்டியது ரூ. 580-லிருந்து ரூ. 340 ஆகக் குறையும். நிகர அளவீட்டில் இம்மாற்றத்தால் பட்டியலில் வேறுபாடு தோன்றாது.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இத்தனை தூரம் ஏன்?

விநியோக நிறுவனங்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நண்பகலில் சூரிய மின்சாரம் எல்லா இடங்களிலும் ஒருசேரப் பெருகுகிறது. தேவையோ விளக்கேற்றும் நேரத்தில்தான் உச்சத்தை அடைகிறது. பகலில் பெற்ற யூனிட்டை இரவில் திருப்பித் தருவதற்கு நிறுவனம் வேறொரு நிலையத்திலிருந்து வாங்கியாக வேண்டும். 2020 டிசம்பரில் குஜராத்தில் நடைபெற்ற ஏலமொன்றில், பெரிய சூரிய மின்நிலையங்கள் யூனிட் ரூ. 1.99 விலைக்குத் தர முன்வந்தன. அவ்விலைக்குக் கிடைக்கும்போது கூரை மின்சாரத்துக்கு ஏழு ரூபாய் ஏன் தர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. மறுபுறம், தொலைவிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி கம்பிகளிலேயே வெப்பமாக இழக்கப்படுகிறது. கூரை மின்சாரம் அடுத்த வீட்டிலேயே செலவாவதால் இவ்விழப்பு மிகக் குறைவு. ஆகவே நியாயமான விலை அவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று கொள்வதே பொருந்தும். அது எங்கே என்பதில் மாநிலங்கள் ஒத்த கருத்துடையன அல்ல.

இவ்வேறுபாட்டுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. மின்சாரம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி கட்டணங்களை விதிப்பவை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள். நிகர அளவீட்டில் ஆண்டு முடிவில் எஞ்சிய யூனிட்டுக்கு என்ன விலை என்பதையும் அவையே முடிவு செய்கின்றன. குஜராத்தின் 2021-ம் ஆண்டுக் கொள்கை வீடுகளின் உபரிக்கு யூனிட் ரூ. 2.25 என்று குறித்தது. டில்லியில் 2024-ல் வெளிவந்த கொள்கை வேறு வழியை மேற்கொண்டது. அதன்படி, மூன்று கிலோவாட் வரையுள்ள வீட்டு அமைப்புகளுக்கு, வெளியே சென்ற யூனிட் என்றில்லாமல், உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐந்தாண்டுகள் வரை ரூ. 3 ஊக்கத்தொகை என அறிவிக்கப்பட்டது. எனவே அடுத்த மாநிலத்தில் உறவினர் பெறும் தொகையைக் காட்டி இவ்விடத்தில் எவருக்கும் வாக்குறுதி அளித்தல் கூடாது.

மத்திய அரசாங்கத்தின் விதிகள் பொதுவான சில உரிமைகளை வகுத்துள்ளன. மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2021-ல் செய்யப்பட்ட திருத்தம், 500 கிலோவாட் அல்லது அனுமதிக்கப்பட்ட மின்பளு, இவற்றுள் எது குறைவோ அதுவரை நிகர அளவீட்டுக்கு இடமளித்தது. 2024 பிப்ரவரித் திருத்தத்தின்படி பத்துக் கிலோவாட் வரையுள்ள விண்ணப்பங்கள், நிறைவானவையாயின், தொழில்நுட்ப ஆய்வின்றியே ஏற்கப்பட்டவையாகக் கருதப்படும். ஐந்து கிலோவாட் வரை அமைப்பவருக்காகத் தெருவின் மின்கம்பி அமைப்பை வலுப்படுத்த வேண்டியிருந்தால், அச்செலவு விநியோக நிறுவனத்தைச் சேர்ந்தது.

அதே 2024 பிப்ரவரியில், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, ரூ. 75,021 கோடி மதிப்பீட்டில் பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் தொடங்கப்பட்டது. இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ. 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ. 18,000, ஆக உச்ச அளவு ரூ. 78,000 என மானியம் வகுக்கப்பட்டது. அமைப்பு இயங்கத் தொடங்கிய பின்னரே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதலால் முன்பணத்துக்கு வழி தேடிக்கொள்ள வேண்டும். இத்திட்டத்தின் ‘மாதம் 300 யூனிட் வரை இலவசம்’ என்னும் சொற்றொடர் பல இடங்களில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நிறுவனம் 300 யூனிட் தானமாக அளிக்கும் என்பது அதன் பொருளன்று; அந்த அளவுக்குத் தகடே உற்பத்தி செய்து கட்டணத்தை ஈடுகட்டும் என்பதே பொருள்.

விலை ஒன்று மக்களின் செய்கையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு, வீட்டுக் கூரை அல்லாத ஓர் எடுத்துக்காட்டைக் காட்டலாம். குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி கிராமத்தில், 2015-16-ல் ஆறு விவசாயிகள் சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையுடன் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சூரிய இறைப்பான்களின் உபரி மின்சாரத்தை விநியோக நிறுவனத்துக்கு விற்கலாயினர். யூனிட்டுக்கு ரூ. 4.63 வீதம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. மின்சாரத்தை விற்க வழியில்லாத இடத்தில், வெயில் உள்ளவரை மோட்டாரை ஓடவிடுவதைத் தடுக்கக் காரணம் எதுவுமில்லை. கிணற்று நீர்தான் தாழும். விற்க வழி பிறந்ததும், பயிருக்கு வேண்டாத நீரை இறைப்பது கைக்கு வரும் காசை இழப்பதாகிவிடுகிறது. நிலத்தடி நீரைக் காப்பதற்கு விலையே கருவியாகக் கூடும் என்பதால்தான் துண்டியின் முயற்சி நீரியல் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது.

எவ்வளவு அமைப்பது?

உபரிக்குக் கிடைக்கும் விலை குறைவாயிருக்கும் வரை, விற்பதற்காகவே பெரிய அமைப்பை நிறுவுவது வீட்டாருக்கு ஆதாயமாவது கடினம். சென்ற பன்னிரண்டு மாதப் பட்டியல்களைக் கூட்டி, ஆண்டுச் செலவைக் கண்டு, அதை 1,400-ஆல் வகுத்தால் வேண்டிய கிலோவாட் உத்தேசமாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 2,800 யூனிட் செலவிடும் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும். செலவு ஏறஏறக் கட்டண விகிதமும் ஏறும் படிமுறை உள்ள மாநிலங்களில், தகடு முதலில் நீக்குவது மிக உயர்ந்த படியிலுள்ள யூனிட்டுகளை. ஆதலால் அதிகம் செலவிடும் வீட்டுக்கு முதலீடு விரைவில் மீளும். மாதம் அறுபது யூனிட் செலவிட்டு, மானியக் கட்டணத்தில் மிகச் சிறு தொகை செலுத்தும் குடும்பத்துக்கு அவ்வாறன்று. அத்தகைய குடும்பத்தைக் கடன் வாங்கத் தூண்டுவது சேவையாகாது என்பது எம் கருத்து.

மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பதையும் விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்; மறைந்த தந்தையின் பெயரிலேயே இணைப்பு இருந்தால் பெயர்மாற்றத்துக்குக் காலம் செல்லும். இருதிசை மீட்டர் பொருத்தப்படும் நாளில் இரு பதிவுகளின் தொடக்க எண்களையும் வீட்டார் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை அவ்விரண்டையும், இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தியையும் ஒரே ஏட்டில் குறித்துவரலாம். உற்பத்தியிலிருந்து வெளியே சென்றதைக் கழித்து, உள்ளே வந்ததைக் கூட்டினால் வீட்டின் மெய்யான செலவு தெரியும். பட்டியலில் பிழையிருப்பின் அதுவும் தெரியும். கணக்காண்டு முடியும் நாளில், பல இடங்களில் அது மார்ச் 31, எடுத்த எண்களை அடுத்து வரும் பட்டியலுடன் ஒப்பிட்டு, எஞ்சிய யூனிட் எத்தனை, அதற்கு எவ்விலை இடப்பட்டது, தொகை வங்கிக்கு வந்ததா அல்லது அடுத்த கட்டணத்தில் கழிக்கப்பட்டதா என்பதை அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.