வெறும் பாக்கின் வினை

வாயில் தோன்றும் புற்றுநோய்க்குப் புகையிலை ஒன்றே காரணம், வெறும் பாக்கினால் கெடுதி யாதும் இல்லை என்பது நம் ஜனங்களில் பலருடைய எண்ணம். படித்த கனவான்களும் இதையே சொல்லிக்கொண்டு, விருந்து முடிந்ததும் பாக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். இவ்வெண்ணம் பிசகு என்று விஞ்ஞானிகள் கண்டறிந்த விதம் நேயர்கள் கவனிக்கத் தக்கதாகும்.

கன்னத்தின் உட்புறத் தோலிலுள்ள உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டும், கீழேயுள்ள மெல்லிய சவ்வைப் பிடித்துக்கொண்டும் நிற்கின்றன. அண்டை அணுவைப் பற்றும் கைக்குக் கேதரின் என்று பெயர். சவ்வைப் பற்றும் கைக்கு 1986-ல் இன்டெக்ரின் என்று பெயர் சூட்டினார்கள். இக்கைகள் வெறும் பசையல்ல. வெளியே நடப்பதை அணுவுக்குள் அறிவிக்கும் தூதர்களும் இவையே. நோய் முற்றும்போது கேதரினின் பிடி தளர்கிறது. இன்டெக்ரினோ, அணுவை நிலைநிறுத்தும் வேலையை விட்டு, அதை நகர்த்தும் காலாக மாறிவிடுகிறது. வீட்டைக் காத்து நின்ற காவலாளே கொள்ளைக்கு வழிகாட்டுவது போன்ற விபரீதம் இது.

இன்டெக்ரின் வகைகளுள் ஆல்ஃபா-வி பீட்டா-6 என்பது விசேஷமானது. ஆரோக்கியமான வாய்த்தோலில் இது அநேகமாகக் காணப்படுவதில்லை. காயம் ஆறுங்காலத்தில் தோன்றி, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். வாய்ப்புற்றிலோ இது மிகுதியாகத் தோன்றி, மறையாமல் நிற்கிறது. உறங்கிக்கிடக்கும் டி.ஜி.எப்.-பீட்டா என்ற புரதத்தைத் தட்டியெழுப்புகிறது. சுற்றியுள்ள சதையை அரிக்கும் என்ஸைம்களை வெளிவரச் செய்கிறது. அணுக்கள் அவ்வழியே உள்ளே இறங்குகின்றன.

இதில் பாக்குக்கு என்ன சம்பந்தம்? பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் சத்து, வாய்த்தோல் அணுக்களில் இந்த பீட்டா-6 இன்டெக்ரினையே பெருக்குகிறது என்று 2011-ல் வெளியான பரிசோதனை காட்டிற்று. இதற்குப் புகையிலையின் உதவி வேண்டியதில்லை. டி.ஜி.எப்.-பீட்டா விழித்தெழுந்தால் கன்னத்துக்குள் நார் படர்கிறது. காரம் பட்டால் எரிச்சல், பிறகு வாய் திறவாமை என்று வளரும் அந்நோய் சிலரிடத்தில் புற்றாகவும் மாறுகிறது.

இப்போது திருவிதாங்கூர் என்ற ராஜ்யம் இல்லை. அது இருந்த காலத்தில், 1933-ல், அங்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் வைத்தியர் ஒருவர், தாம்பூலம் தரிப்போருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1985-ல் புகையிலை கலந்த தாம்பூலத்தைக் கண்டித்தது. வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதே என்ற முடிவை 2004-ல் வெளியிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், ஏலக்காயும் வாசனையும் சேர்த்து, பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கடைவாசலில் சரஞ்சரமாகப் பொட்டலங்களைத் தொங்கவிடுகிறோம்.

பீட்டா-6-ஐக் குறிவைக்கும் மருந்துகள் பரிசோதனையில் இருக்கின்றன. அவற்றை நம்பி இன்று மெல்லுவோர் ஒன்றை அறியவேண்டும். நார் படர்ந்து இறுகிய கன்னம், பாக்கை விட்ட பிறகும் பெரும்பாலும் பழையபடி தளர்வதில்லை. மூன்று விரல்களை மேல்கீழாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாதவர் உடனே பல் வைத்தியரிடம் போகவேண்டும்.