கருத்தரிப்பு மையம்: கையெழுத்துப் போடுமுன்

பேருந்து நிலையச் சுவரிலிருந்து உள்ளூர் டிவி வரை, குழந்தையின்மைச் சிகிச்சைக்கு விளம்பரம் இல்லாத இடமே இன்று குறைவு. பலவற்றில் வெற்றி விகிதம் ஒன்று கொட்டை எழுத்தில் நிற்கும். அந்த எண் எதைக் கணக்கிட்டு வந்தது என்று கேட்டே ஆகவேண்டும். ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தவர்களையா, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தவர்களையா, குழந்தையோடு வீடு திரும்பியவர்களையா? ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை இறங்கும். ஊசி தொடங்கியும் கரு வைக்கும் கட்டத்தை எட்டாதவர்களைக் கணக்கில் விட்டுவிட்டால் விகிதம் தானாக உயர்ந்துவிடும். 30 வயதுக்காரருக்கும் 42 வயதுக்காரருக்கும் ஒரே விகிதத்தைச் சொல்லும் மையம் இருவரில் ஒருவருக்கு உண்மையைச் சொல்லவில்லை.

தோல்வியைப் பற்றி முன்கூட்டியே மனம் திறந்து பேசும் இடம்தான் நல்ல மையம். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. இந்தியாவில் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கரு உண்டாகும் ஆபத்து ஆகியவற்றைத் தம்பதியிடம் விளக்குவது மையத்தின் கடமை. எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். கருவைக் கருப்பையில் வைக்கும் வரை அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். புகார் கேட்க மையத்திலேயே ஒரு பிரிவு இருக்கவேண்டும். வரவேற்பறையில் ஐந்து நிமிடத்தில் பத்துத் தாள்களை நீட்டி, "இங்கே, இங்கே" என்று விரல் வைத்துக் கையெழுத்து வாங்குவதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது. தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள்.

இந்தக் காகிதங்கள் வெறும் சடங்கானால் என்ன நடக்கும் என்பதை ஈரோடு காட்டியது. வயதைக் கூட்டிய போலி ஆதாரை வைத்து 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைப் பலமுறை எடுத்து விற்றது 2022 ஜூனில் அம்பலமானது. தாயே கைதானார், கேரள, ஆந்திர மருத்துவமனைகள் வரை விசாரணை நீண்டது. கருமுட்டைக் கொடையாளருக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் ஏழு முட்டைகள் என்று சட்டம் சொல்கிறது. ஒரு பெண்ணின் உடல் அதற்குமேல் பயன்படுத்தப்படக் கூடாது என்பதற்கான வேலி அது.

சிகிச்சையின் நடுவே ஓர் இரவு மிக முக்கியமானது. கருமுட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு, சொன்ன நேரத்தில் கடைசி ஊசியைப் போட்டாக வேண்டும். தவறினால் அந்தச் சுற்றே வீணாகலாம். இரவு பத்து மணிக்கு ஊசியில் ஏதோ சந்தேகம் என்றால் யாரை அழைப்பது? முட்டை எடுத்த பிறகும் வயிறு உப்பி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால், சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். காலை வரை காத்திருக்கக் கூடாது. இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று உங்கள் கையில் இருக்கவேண்டும்.

ஆய்வகத்தை நோயாளி பார்க்க முடியாது. ஆனால் ஆள் சரிபார்ப்பைக் காதால் கேட்கலாம்: பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர் மூன்றையும் நோயாளி வாயாலேயே சொல்லச் சொல்லி, ஒருவர் கேட்க, இன்னொருவர் கிண்ணத்தின் லேபிளைப் பார்த்து ஒப்பிடுவார். மயக்க மருந்து ஏறும் முன்பே இது முடியவேண்டும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மோனாஷ் ஐவிஎஃப் மையத்தில் ஒரு பெண்ணுக்கு வேறொருவரின் கரு வைக்கப்பட்டு, குழந்தையும் பிறந்துவிட்டது. 2025 ஏப்ரலில் அது வெளியே வந்தபோது, மனிதத் தவறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பேர்பெற்ற இடத்திலும் இது நடக்கும். ஒவ்வொரு முறையும் பெயர் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் சுற்று பலிக்காதபோது கூடுதல் சிகிச்சைகளின் பட்டியல் நீளும். பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்குமுறை ஆணையம் இப்படிப்பட்ட கூடுதல்களை ஆதாரத்தின் அடிப்படையில் தரம் பிரித்து வெளியிடுகிறது; பலவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. துவண்டுபோயிருக்கும் தம்பதியிடம் பணம் கட்டச் சொல்லும் முன், முந்தைய சுற்றில் என்ன நடந்தது என்று மருத்துவர் உட்கார்ந்து விளக்கவேண்டும். செய்த சிகிச்சையின் விவரச் சான்றிதழைத் தருவதும் நம் சட்டப்படி மையத்தின் கடமைதான். எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை கருவாயின, எத்தனை வைத்தார்கள், எத்தனை உறைநிலையில் உள்ளன என்பதையும் எழுதி வாங்குங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். உறைய வைத்த கருவைப் பத்து ஆண்டுகள் வரைதான் வைத்திருக்கலாம். தம்பதியில் ஒருவர் இறந்துபோனால் அதை என்ன செய்வது என்பதையும் உறைய வைக்கும் முன்பே இருவரும் எழுதித் தரவேண்டும்.